மேசையில் வைக்கப்பட்ட பதில்

எரித்துச் சாம்பலையும் கரைத்து நாற்பத்தாறு நாள் ஆன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, சதீஸ்குமார் எம்.ரெட்டியபட்டி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தான். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ். கடைசிக்கு முந்தின ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது என்றும், அப்புறம் திரும்பிப் பார்த்தபோது காலியாக இல்லை என்றும் கண்டக்டர் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி அனுசியா அப்போது தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். புருஷன் தெருமுனை திரும்பி வருவதைப் பார்த்தாள். ஆனாலும் குடத்தைக் கீழே போடவில்லை. அது நிறைந்ததும் அடுத்த குடத்தை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அதற்குள் அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். வேலை இடத்தில் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தான். "நல்லா இருக்கேன்" என்றான். ஒருவரும் கேட்காமலே சொன்ன அந்த வார்த்தைதான் திரும்பி வந்தபின் அவன் பேசிய முதல் வார்த்தை.

சதீஸ்குமார் கம்பி கட்டுகிறவன். அவன் அப்பா காலத்தில் அந்த வீட்டார் ஊரார் பருத்திக்காட்டில் கூலிக்குப் போனார்கள். அவன் தலையெடுத்தபோது பாதிக் காட்டில் சீமைக்கருவேலம் ஏறியிருந்தது. மதுரையில் அடுக்குமாடிகள் ஏறிக்கொண்டிருந்தன. காரியாபட்டி வழியாகப் போய்வந்து பத்து வருஷம் கம்பி கட்டினான். அப்போது கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் சண்டை மூண்டது. அங்கே கட்டிட வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளியாட்கள் உயிருக்குப் பயந்து ஓடிப்போக, அந்த நாட்டு அரசாங்கமும் நம் அரசாங்கமும் ஆள் அனுப்புவதற்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. அந்த நாட்டின் பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் சரியாக நுழையவில்லை. 'அங்கிட்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்; இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒப்பந்தம் ஒரு செவ்வாய்க்கிழமை கையெழுத்தானது. அடுத்த மாதம் முதல் விமானம் புறப்பட்டது. அதற்கும் அடுத்த மாதம், யாரோ கேட்ட துணைக்கேள்விக்குப் பதிலாக, பாராளுமன்றத்தில் இரண்டு வாக்கியத்தில் அது சொல்லப்பட்டது. குண்டு விழுகிற இடத்துக்குக் கொத்தனாரையும் கம்பிக்காரனையும் அனுப்பலாமா கூடாதா என்று அந்தச் சபை ஒரு நாளும் உட்கார்ந்து பேசவில்லை. பிற நாட்டோடு போடுகிற ஒப்பந்தத்துக்கு அவர்களைக் கேட்டாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

இந்த விவரமெல்லாம் ஊருக்குத் தெரிந்தது நவநீதகிருஷ்ணனால். திருச்சுழி ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவர். சிமெண்டுக்கு வரி ஏற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வருஷம் கடை டி.வி.யில் பாராளுமன்றச் சேனலைப் போட்டார். வரி ஏறியது, ஆனால் சேனலை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. மற்ற கடைக்காரர்கள் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி அவர் கேள்வி நேரம் பார்த்தார். எந்த உறுப்பினர் எழுந்தால் ஒலிவாங்கி அணையும், எந்த அமைச்சர் எந்தக் கேள்விக்குத் தண்ணீர் குடிப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. சதீஸ்குமார் அங்கிட்டுப் போகப் பேர் கொடுப்பதற்கு முந்தின வாரம் கடைக்கு வந்தபோது அவனைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்பது பேரு கூடிப் பேசாம எடுத்த முடிவு இது. அங்கிட்டுப் போகாத."

"கவர்மெண்டு அனுப்புது அண்ணாச்சி. டுபாக்கூர் ஏஜெண்டா அனுப்புறான்?"

சதீஸ்குமார் ஒரு தொழிற்பயிற்சி நிலைய மைதானத்தில் அங்கிட்டிருந்து வந்தவர்கள் முன்னால் பதினாறு நிமிஷத்தில் ஒரு தூணுக்குக் கம்பி கட்டிக் காட்டினான். பன்னிரண்டாவது நாள் விமானம் ஏறினான். மூன்றாவது மாதம், பதினோராவது மாடியில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வானத்திலிருந்து ஏதோ வந்து விழுந்தது. உடலோடு வந்த காகிதத்தில் 'பணியிட விபத்து' என்று எழுதியிருந்தார்கள். மதுரை விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுத்த ஆள், திறக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அனுசியா திறந்தாள். பின்மண்டையில் பாதி இல்லை. ஆனால் வலது கைக் கட்டைவிரல் நகம், என்றோ கம்பி நசுக்கி இரண்டாகப் பிளந்து வளர்ந்த நகம், அப்படியே இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதை வெட்டிவிட்டவள் அவள். எரித்தார்கள். திருச்சுழிக்குப் போய்க் குண்டாற்றில் சாம்பலைக் கரைக்க நினைத்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலைத் தோண்டி உள்ளே கொட்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

அனுசியா அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறவள், பன்னிரண்டாவது படித்தவள். அழுது முடிந்த ஒரு நாளில், ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த நேரத்தில், சிமெண்டுக் கடைக்குள் போனாள். "அண்ணாச்சி, அங்கிட்டு இவர மாதிரி எத்தன பேரு செத்துருக்காக? போகச் சொல்லி முடிவெடுத்தது யாரு? அத யார்ட்டக் கேக்கணும்?" என்றாள். இத்தனை வருஷமாக டி.வி. பார்த்ததில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, தமிழ்நாட்டிலேயே வடக்கே எங்கோ ஒரு தொகுதியிலிருந்து வந்த ரேணுகாதேவி என்ற உறுப்பினரை நவநீதகிருஷ்ணன் தேர்ந்தெடுத்தார். எதிர்க்கட்சி. முதல்முறை எம்.பி. கத்தமாட்டார், காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அனுசியா நோட்டுத் தாளில் எழுதி அனுப்பியதை ரேணுகாதேவி (அ), (ஆ), (இ) என்று பிரித்து, எழுத்துமூலம் பதில் தரவேண்டிய கேள்வியாகக் கொடுத்தார். எந்தக் கேள்விகளை எடுப்பது என்கிற குலுக்கலில் அது விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அமைச்சரின் பதில் சபையின் மேசையில் வைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் கீழ் சென்றவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு, '(அ) எவருமில்லை. அனைவரும் பாதுகாப்பாகவும் நலமாகவும் உள்ளனர்.' முடிவெடுத்தது யார், சபையைக் கேட்டார்களா என்பதற்கு, '(ஆ) மற்றும் (இ): கேள்வி எழவில்லை.'

அன்றைக்குத்தான் சதீஸ்குமார் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

போனில் பதிலை இறக்கிப் படித்த நவநீதகிருஷ்ணன், பஸ் வந்த நேரத்தையும் பதில் வைத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடையைப் பாதி சாத்திக்கொண்டு அனுசியா வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சதீஸ்குமாரை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பின்னால் பார்த்தபிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலையில் கட்டிவிட்டார். "மேசையில வச்சுட்டாகல்ல தாயி. வச்சுட்டா அது நடந்ததுதான். நம்ம பாத்தது, எரிச்சது எல்லாம் அதுக்குக் கீழதான்" என்றார். இதை விடப் பொருத்தமான விளக்கம் வேறு எவரும் சொல்லாததால் ஊரும் அதையே எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் நிலக்கடலை பிடுங்குகிற வேலை வந்துவிட்டது.

சதீஸ்குமாரின் அம்மா கருத்தம்மாள், செத்த பிள்ளை நடந்து வந்ததைப் பார்த்து அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். பரிமாறினால் அவன் சாப்பிட்டான், பரிமாறாவிட்டால் கேட்கவில்லை. தாடி வளரவில்லை. ஊரே நனைந்து கிடக்கிற புரட்டாசி வெயிலில் அவனுக்கு மட்டும் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கிராம அலுவலர் வந்து பார்த்துவிட்டு, இறப்புச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, அதை ரத்து செய்ய ஒரு படிவம் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மாதம் அனுசியா சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. மில்லிலிருந்து வந்ததும் அவனுக்குத் தலைக்கு ஊற்றுவாள், பின்மண்டைப் பக்கம் மட்டும் கை போகாமல். அந்த நகத்தைப் பார்ப்பாள். அது வளராததால் வெட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மாதம்தான் அவளுக்கு உறைக்கத் தொடங்கியது. பழைய சதீஸ்குமார் எதற்கும் குறை சொல்கிறவன். குழம்பில் உப்பு, பஸ்ஸில் கூட்டம், மேஸ்திரியின் வாய், மாமனார் செய்த சீர், ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான். கல்யாணமான புதிதில் அதற்காகவே அவள் அழுதிருக்கிறாள். இப்போது உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கேன்" என்றான். அங்கிட்டு என்ன நடந்தது, எப்படி விழுந்தது, வலித்ததா என்று கேட்டாள். "நல்லா இருக்கேன்." திட்டினாள், ஒருநாள் கையில் கிள்ளியும் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் மட்டும் அதையே சொன்னது. அன்று அவள் கொல்லைப்பக்கம் போய் விறகுக் கட்டையில் உட்கார்ந்து, பெட்டி வந்த நாளில் அழுததை விட அதிகமாக அழுதாள்.

அங்கிட்டு ஆள் அனுப்புகிற அலுவலகத்தார் அவன் வந்த செய்தியைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கமிருந்து பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தினார்கள். "செத்துட்டாருன்னு வாட்ஸாப்புல போட்டாங்களே, அவரு இவருதான். நீங்களே கேட்டுக்கங்க" என்றார் அவர்களோடு வந்த சட்டை இன் பண்ணிய ஆள். பையன்கள் கேட்டார்கள். சதீஸ்குமார் சொன்னான். அந்த மாதம் பேர் கொடுத்தவர்கள் எண்பத்து மூன்று பேர். எழுபத்தொன்பதாவது பேர் பொன்ராஜ், அனுசியாவின் கூடப் பிறந்த தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவன், இருபத்து மூன்று வயது. அக்காவிடம் சொல்லாமலே பரீட்சையில் தேறி, ஜனவரிக் கடைசியில் விமானம் என்று காகிதத்தோடு வந்து நின்றான்.

ரேணுகாதேவி நேரில் வந்தது அப்போதுதான். பதில் பொய் என்று அவருக்குத் தெரியும். அனுசியா அனுப்பிய இறப்புச் சான்றிதழ் அவர் பையில் இருந்தது. செத்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. கருத்தம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அவனுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, பாயில் உட்கார்ந்தார். அமைச்சர் சபையில் தப்பான தகவல் சொன்னால் அதைச் சுட்டிக்காட்டிச் சபாநாயகருக்கு எழுத ஒரு விதி இருக்கிறது. அமைச்சர் வந்து திருத்தம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சாவு பதிவானால் போதும், ஒப்பந்தத்தையே சபையில் வைத்துப் பேசு என்று கேட்க முடியும். சாவே இல்லை என்கிறவரைக்கும் பேச என்ன இருக்கிறது என்பார்கள். இதையெல்லாம் அவர் மெதுவாக, அனுசியாவுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். அதற்கு மனைவியின் கையெழுத்து வேண்டும். என் கணவர் இன்ன தேதியில் இறந்தார், நான் உடலைப் பார்த்தேன் என்று.

"திருத்திட்டா இவரு என்னாவாரு மேடம்?"

"எனக்குத் தெரியலம்மா. பதிலால வந்தவர்னு நீங்க சொல்றீங்க. அப்படின்னா…"

அவர் காகிதத்தை எடுத்துப் பாயில் வைத்தார்.

கருத்தம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "எம் புள்ளய ஒருக்கா எரிச்சாச்சு. இன்னொருக்கா எரிக்கிறதுக்கு இந்த வீட்டுல வெறகு கெடையாது" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "ஒனக்கு ஒந் தம்பி. எனக்கு இது" என்றாள்.

"ஒங்க புள்ளயா அத்த இது?" என்று கேட்டாள் அனுசியா. "ஒங்க புள்ள ஒரு நாளாச்சும் நல்லா இருக்கேன்னு சொல்லிருக்காரா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு இருவரும் பல நாள் ஒரே அடுப்பில் தனித்தனியாகச் சமைத்தார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுசியா தம்பியை வரவழைத்தாள். புருஷன் எதிரே உட்காரவைத்து, போகாதே என்று சொன்னாள். பொன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு, இங்கே இருந்தால் என்ன கிடைக்கும், அங்கே ஒரு வருஷம் இருந்தால் என்ன கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறதையே சொன்னான். அப்போது சதீஸ்குமார் நாற்காலியை விட்டு எழுந்தான். திரும்பி வந்த பிறகு யாரும் சொல்லாமல் அவனாகச் செய்த ஒரே காரியம் அது. பொன்ராஜின் கையைப் பிடித்து, தன் தலையில் கட்டியிருந்த துண்டுக்குள் விட்டு, பின்மண்டையில் வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போவதை அனுசியா பார்த்தாள். பொன்ராஜ் கையை உருவிக்கொண்டு, வேட்டியில் துடைத்து, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிச்சுச்சா மச்சான்?"

"நல்லா இருக்கேன்" என்றான் சதீஸ்குமார். அவன் கன்னம் நனைந்திருந்தது.

பொன்ராஜ் வாசல் வரை போய் நின்றான். "பாத்தேல்லக்கா. என்ன ஆனாலும் மச்சான் வீடு வந்து சேந்துட்டாருல்ல. நானும் வந்துருவேன்" என்றான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, கணக்குச் சரியாக வருகிறது என்கிற முகத்தோடு சொன்னான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அனுசியா உள்ளே போய் ரேணுகாதேவி விட்டுப்போன காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். 'என் கணவர் இறந்துவிட்டார்' என்ற வரி தெளிவாக இல்லை என்று தோன்றியதால், அதே வரியைக் கீழே தன் கையால் இன்னொரு முறை எழுதினாள்.

குளிர்காலக் கூட்டத்தொடரின் கடைசி வெள்ளிக்கிழமை அமைச்சர் விளக்கம் தருவார் என்று தகவல் வந்தது. அன்று அனுசியா மில்லுக்கு லீவு போட்டாள். புருஷனைக் குளிப்பாட்டி, கல்யாணச் சட்டையைப் போட்டுவிட்டாள். முதல்முறையாகப் பின்மண்டையில் கை வைத்து, சுற்றிலும் இருந்த முடியைச் சீவிவிட்டாள். முன்பு பெட்டிக்குள் இருந்தவனிடம் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னாள். சீர் விஷயத்தில் அவன் சொன்னது நியாயம்தான், தன் அப்பா கொஞ்சம் கஞ்சம்தான் என்று ஒப்புக்கொண்டாள். கருத்தம்மாள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மகனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நவநீதகிருஷ்ணன் கடை டி.வி.யைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் வீட்டில் மாட்டியிருந்தார். பதினொன்றரைக்குக் கூச்சல், ஒத்திவைப்பு. பன்னிரண்டுக்குச் சபை மறுபடி கூடியது. அமைச்சர் எழுந்தார்.

ஆனால் இடையில் ஒன்று நடந்திருந்தது. புகார் வந்ததும் துறை நேரில் விசாரிக்கும்படி மாவட்டத்துக்கு எழுதியிருந்தது. பத்து நாளைக்கு முன்னால், அனுசியா மில்லிலும் கருத்தம்மாள் காட்டிலும் இருந்த நேரத்தில், கைரேகைக் கருவியோடு ஓர் ஆள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். நாற்காலியில் இருந்தவனைப் போட்டோ எடுத்தார். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். பிளந்த நகத்துக்குக் கீழே ரேகை சரியாக இருந்தது. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். அமைச்சர் அதைத்தான் படித்தார். இறந்ததாகச் சொல்லப்படும் நபர் தம் இல்லத்தில் தாயுடனும் மனைவியுடனும் நலமாக வசிக்கிறார். கைரேகை மூலம் உறுதிசெய்யப்பட்டது. எனவே முந்தைய பதிலில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. நட்பு நாட்டோடு உள்ள உறவைக் கெடுக்கிற விதத்தில் ஆதாரமில்லாத தகவல்களைச் சபைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று உறுப்பினரைச் சபாநாயகர் கேட்டுக்கொண்டார். ரேணுகாதேவி எழுந்து நின்று ஏதோ சொன்னார். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

நவநீதகிருஷ்ணன் டி.வி.யை அணைத்தார். கருத்தம்மாள் மகனின் காலை விட்டுவிட்டு எழுந்து, இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தனக்கும் மருமகளுக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள். ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்று அமைச்சர் சொன்ன பொய்யால் அவன் வந்தான். அவன் வந்ததால் அது பொய் இல்லை என்று ஆனது. அனுசியா இதை யோசித்து யோசித்துப் பார்த்தாள். அதில் நுழைவதற்கு ஒரு ஓட்டையும் அவளுக்குத் தெரியவில்லை.

பொன்ராஜ் சொன்ன தேதியில் போனான். மற்ற எண்பத்திரண்டு பேரும் போனார்கள். பட்ஜெட் கூட்டத்தொடரின்போது நரிக்குடிப் பக்கம் ஒரு பெட்டி வந்தது, காரியாபட்டிக்கு ஒன்று. அந்தப் பெட்டிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் அனுசியாவைத் தேடி வந்தார்கள். துக்கம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாய் விரித்தாள். அவர்கள் அழவில்லை. அவளுடைய புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைத் தங்களுக்கும் எழுதித் தரவேண்டும் என்றார்கள். அனுசியா அவர்களிடம் கத்தினாள், கும்பிட்டாள், என்ன திரும்பி வரும் என்று உள்ளபடி சொன்னாள். உண்மையைக் கேட்டு வாங்கத்தான் அந்தக் கேள்வி, பொய்யைக் கேட்டு வாங்க இல்லை என்றாள். காரியாபட்டிக்காரி முனீஸ்வரி, "ஒனக்கு வந்துருச்சு. நீ சொல்லுவ" என்றாள். அனுசியா எழுதித் தரவில்லை. அவர்கள் வேறு ஆளை வைத்து எழுதினார்கள். வேறு உறுப்பினரைப் பிடித்தார்கள். நரிக்குடிக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். முனீஸ்வரியோ புருஷன் பேரையும் ஊரையும் போட்டுக் கேட்டிருந்தாள். அதற்கு, 'தகவல்கள் திரட்டப்பட்டு வருகின்றன' என்று பதில் வந்தது. அவள் புருஷன் மதுரை ரோட்டில் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிற்கிறான். ஊரைப் பார்த்து நடக்கிறான், ஆனால் தூரம் குறைவதில்லை. முனீஸ்வரி காலையில் போய்ப் பக்கத்தில் நின்று பேசிவிட்டு வருவாள். பஸ்காரர்கள் அந்த இடத்தில் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

வைகாசியில் பொன்ராஜின் பெட்டி வந்தது. இந்தமுறை அனுசியா அதைத் திறக்கவில்லை. எரித்துவிட்டு வந்த அன்று அவளுடைய அம்மா மாயக்காள் மகளின் காலில் விழப் போனாள். அனுசியா அவளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தாள். அம்மாவை ஒருதரம் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவனை ஒருதரம் பார்த்தாள். நோட்டை எடுத்து, கை கழுவாமலே எழுதத் தொடங்கினாள். ரேணுகாதேவிக்குப் போன் போட்டாள். "நான் இதுக்காகவா சபைக்குப் போனேன்" என்றார் அவர். ஆனாலும் கேள்வியைக் கொடுத்தார். மழைக்காலக் கூட்டத்தொடரின் இரண்டாவது வெள்ளிக்கிழமை பொன்ராஜ் வந்தான். இப்போது மாயக்காள் வீட்டில் இருக்கிறான். நன்றாக இருக்கிறான்.

ரேணுகாதேவி அதன் பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒப்பந்தத்தைச் சபையில் வைத்துப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஒரு தீர்மானம் கொடுப்பார், அது எடுத்துக்கொள்ளப்படாது. அதோடு சேர்த்து அனுசியா அனுப்புகிற கேள்விகளையும் கொடுப்பார், அவற்றுக்குப் பதில் வந்துவிடும். இரண்டாவது ஒப்பந்தம் ஒன்று போட்டிருப்பதாக நவநீதகிருஷ்ணன் சொன்னார். எந்த நாட்டோடு என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பி வந்தவர்கள் பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு வாரம் ஒருமுறை தலைக்கு ஊற்றினால் போதும், வேறு தொந்தரவு இல்லை.

பாலவனத்தத்திலிருந்து மாரிக்கனி என்கிற பெண் போன வாரம் வந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். கையில் இருந்த காகிதத்தில் யாரோ படித்தவர்கள் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்: புருஷனின் பேர், பாஸ்போர்ட் எண், இறந்த தேதி, எந்தக் கட்டிடம், எத்தனையாவது மாடி. அனுசியா பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தாள்.

"பேரு போடக் கூடாதும்மா. பேரு போட்டா தகவல் திரட்டுவாக. எத்தன பேருன்னு மட்டும் கேளு. அம்புட்டுத்தான்."

மாரிக்கனி அடித்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பயந்துபோய்க் கேட்டாள்: "எத்தன பேருன்னு நெசமாவே சொல்லிட்டாகன்னா என்னக்கா செய்றது?"

"சொல்ல மாட்டாக" என்றாள் அனுசியா.

அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு முகம் தெளிந்தது. காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்ப விருதுநகர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.